விட்டால் ஆபத்து, பிடித்தால் விளக்கு!
குப்பை மேட்டு வாயுவைப் பற்றித் தெரிந்துகொள்வோம்



நமது சுகாதாரப் பகுதியில் நீரிழிவு, இரத்த அழுத்தம், டிங்கிக் காய்ச்சல் என்று நோய்களைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை குப்பையைப் பற்றி எழுதுகிறோம். "குப்பையைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? கட்டித் தூக்கிப் போட்டால் தீர்ந்தது" என்று சிலர் சொல்லக்கூடும். தூக்கிப் போட்டதோடு அது தீர்ந்துவிடுவதில்லை. தீராத அந்த மிச்சம் பெரும்பாலும் வந்து சேருகிற இடம் நம்முடைய தோட்டப் பக்கம்தான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பட்டணத்துக் குப்பை எங்கே போகிறது?

கோலாலம்பூரில் வீட்டுக்கு வீடு அள்ளுகிற குப்பை ஜிஞ்சாங் பக்கத்தில் உள்ள தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்துக்குப் போகிறது. அங்கே அதை அமுக்கி, நீண்ட லாரிகளில் ஏற்றி, உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் குப்பை நிலத்துக்கு அனுப்புகிறார்கள். 2005-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இடம் அது. சுற்றிலும் செம்பனை.

பினாங்கு மாநிலத்துக் குப்பை, தீவிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும், நிபோங் திபால் பக்கத்தில் உள்ள பூலாவ் பூரோங் குப்பை நிலத்துக்குப் போகிறது. அதற்குப் பக்கத்தில் இருப்பது பைராம் தோட்டம். பட்டணத்தில் நிலம் விலை அதிகம், ஆள்கள் அதிகம். ஆகவே குப்பைக்கு இடம் தேடுகிறவர்கள் பட்டணத்தை விட்டுத் தோட்டக்காட்டுப் பக்கம் வருகிறார்கள். சாப்பிடுவது ஓரிடம், நாறுவது வேறிடம்!

2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் நாட்டில் ஒரு நாளைக்குச் சேர்ந்த குப்பை ஏறத்தாழ 38,000 டன். ஒரு லாரி 10 டன் ஏற்றும் என்று வைத்துக்கொண்டால் 3,800 லாரி. ஒரு நாளைக்கு மட்டும்! இதில் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைக்கப்படுகிறது.

அந்தக் குப்பையில் என்னென்ன இருக்கிறது? 2012-ல் அரசாங்கம் எடுத்த ஆய்வில் வீட்டுக் குப்பையில் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 45 கிலோ சாப்பாட்டுக் கழிவு என்று தெரிந்தது. மிச்சம் மீதிச் சோறு, காய்கறித் தோல், மீன் செதில், பழம், ரொட்டி இவைதான். நெகிழிப் பொருள் 13 கிலோ, பிள்ளைகளுக்குக் கட்டுகிற பேம்பர்ஸ் 12 கிலோ. இந்த 45 கிலோ ஈரக் குப்பைதான் நம் கதையின் முக்கிய ஆள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மண்ணுக்குள்ளே நடப்பது என்ன?

பழத்தோலை மரத்தடியில் போட்டால் காற்றுப் படுகிறது. காற்றிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று மண்ணாக்கிவிடுகின்றன. இதில் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை.

அதே தோலை ஆயிரம் டன் குப்பையோடு சேர்த்து, டிராக்டர் ஏற்றி மிதித்து, மேலே மண்ணைப் போட்டு மூடினால் காற்றுப் புகாது. காற்றில் வாழ்கிற கிருமி செத்துப்போகும். காற்று இல்லாத இடத்தில் வாழ்கிற வேறு வகைக் கிருமிகள் கிளம்பும். அவை குப்பையைத் தின்றுவிட்டு வாயுவை வெளிவிடும். அந்த வாயுவில் பாதிக்குமேல் மீத்தேன். மற்றதில் பெரும்பகுதி கரியமிலவாயு. கொஞ்சம் போல ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டை வாசனை அடிக்கிற வாயு, கலந்திருக்கும்.

மீத்தேன் நமக்குப் புதிதல்ல. சேற்றுக் குளத்தில் கம்பை விட்டுக் குத்தினால் குமிழ் குமிழாக வருமே, அதுதான். சதுப்பு நிலத்தில் ராத்திரி நேரத்தில் நெருப்புத் தெரிவதைக் கண்டு நம் பெரியவர்கள் 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்று பயந்தார்களே, அதற்கும் இந்தச் சதுப்பு வாயுவைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். இந்தியாவில் கிராமத்து வீடுகளில் மாட்டுச் சாணத்தைத் தொட்டியில் கரைத்து அடுப்பு எரிக்கிறார்களே, அந்தச் சாண எரிவாயுவும் இதே மீத்தேன்தான்.

ஒரு டன் குப்பையிலிருந்து, அது முழுக்க மக்கி முடிகிற வரைக்கும், 100 முதல் 200 கன மீட்டர் வாயு வரும். இது ஒரே நாளில் வருவதில்லை. நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் சாப்பாட்டுக் கழிவு சீக்கிரம் மக்கிவிடும். ஆனால் காகிதம், மரம், துணி எல்லாம் மெதுவாகத்தான் மக்கும். ஆகவே குப்பை நிலத்தை மூடிவிட்டுப் போன பிறகும் 20, 30 வருஷம் வாயு வந்துகொண்டே இருக்கும். "மேலே புல் முளைத்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று நினைப்பது தவறு.

விட்டால் என்ன ஆகும்?

மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 100 பங்குக்கு 5 முதல் 15 பங்கு வரை அது கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். திறந்த வெளியில் அது மேலே பறந்துபோய்விடும். அடைத்த இடத்தில் தேங்கினால்தான் ஆபத்து.

1986 மார்ச் 24-ல் இங்கிலாந்தில் லோஸ்கோ என்ற ஊரில் ஒரு வீடு விடியற்காலையில் வெடித்துத் தரைமட்டமானது. வீட்டுக்காரர்கள் வெடிமருந்து எதுவும் வைத்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு பழைய குப்பைக் குழி இருந்தது, அவ்வளவுதான். அன்று காற்றழுத்தம் சட்டென்று குறைந்தது. மண்ணுக்குள்ளிருந்த வாயு பாறை இடுக்கு வழியாக நகர்ந்து வந்து வீட்டுக்கு அடியில் சேர்ந்தது. வீட்டைச் சூடாக்கும் கொதிகலனின் நெருப்பு அதைப் பற்றவைத்தது. உள்ளே இருந்த மூவர் காயத்தோடு உயிர் தப்பினார்கள்.

நமக்கு அடுத்த நாட்டுக் கதை இன்னும் கொடுமை. 2005 பிப்ரவரி 21-ல் இந்தோனேசியாவில் பண்டோங் நகருக்குப் பக்கத்தில் லியூவிகாஜா என்னும் இடத்தில், பல நாள் மழைக்குப் பிறகு குப்பை மலை சரிந்தது. உள்ளே தேங்கிய வாயு வெடித்ததும் சேர்ந்து மலையைத் தள்ளியது என்கிறார்கள். கீழே இருந்த குடியிருப்புகள் புதைந்தன. செத்தவர்கள் 140 பேருக்கும் மேல். அந்தக் குப்பையைப் பொறுக்கிப் பிழைத்தவர்களும் அதில் உண்டு. அந்த நாளைத்தான் இந்தோனேசியா இன்று தேசியக் குப்பை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறது.

நம் நாட்டிலும் பாடம் இருக்கிறது. 2022 ஜனவரி 12-ல் பூலாவ் பூரோங் குப்பை நிலத்தில் தீப்பிடித்தது. குப்பைத் தீ காட்டுத் தீ மாதிரி அல்ல. மேலே தண்ணீர் அடித்தால் மேலே அணையும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். வாரக்கணக்கில் புகை வந்தது. பைராம் தோட்டத்துப் பக்கம் குடியிருந்தவர்களை வீட்டை விட்டுத் தற்காலிக நிவாரண மையத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. அந்தக் குப்பையில் அவர்கள் வீட்டுக் குப்பை எத்தனை கிலோ இருந்திருக்கும்? பட்டணத்துக் குப்பைக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் இருமினார்கள்.

இவை கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் ஒன்று உண்டு. பூமியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வலிமையானது. வெயில் கூடினால் முதலில் வாடுவது திறந்த வெளியில் வேலை செய்கிறவன். குலை வெட்டுகிறவருக்கும் உரம் போடுகிற தாய்மாருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பிடிப்பது எப்படி?

முதலில் குப்பை நிலம் ஒழுங்கானதாக இருக்க வேண்டும். அடியில் கெட்டியான நெகிழி விரிப்பு போட்டிருக்க வேண்டும். அப்போதுதான் குப்பையிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீர் நிலத்தடி நீரிலும் ஆற்றிலும் கலக்காது. அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாக எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். தினமும் குப்பைக்கு மேல் மண் போட்டு மூட வேண்டும். இதெல்லாம் இல்லாமல் சும்மா கொட்டிவிட்டுப் போகிற இடம் குப்பைமேடுதான். அங்கே வாயுவைப் பிடிப்பது நடக்காத காரியம்.

ஒழுங்கான நிலத்தில், குப்பைக்குள் கிணறு தோண்டுவதுபோல ஆழமாகத் துளை போடுவார்கள். துளை துளையாக ஓட்டை போட்ட குழாயை அதில் இறக்கி, சுற்றிலும் ஜல்லி நிரப்புவார்கள். இப்படிப் பல கிணறுகள். எல்லாக் குழாயையும் ஒரு பெரிய குழாயில் சேர்த்து, காற்றாடி வைத்த இயந்திரத்தால் வாயுவை உறிஞ்சுவார்கள். நாம் குழல் வைத்து இளநீர் குடிப்பது போலத்தான். வருகிற வாயுவிலுள்ள ஈரத்தையும் அழுகிய முட்டை வாசனை வாயுவையும் நீக்க வேண்டும். நீக்காவிட்டால் இயந்திரத்தின் இரும்பை அரித்துவிடும். பிறகு அதை எஞ்சினுக்குள் விட்டால் எஞ்சின் ஓடும். எஞ்சின் டைனமோவைச் சுற்றும். மின்சாரம் வரும். லாரி டீசலில் ஓடுகிறது, இது குப்பை வாயுவில் ஓடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எஞ்சின் பழுதானாலும், வாயு மிஞ்சினாலும், உயரமான குழாய் வழியாக விட்டு எரித்துவிடுவார்கள். எரித்தால் மீத்தேன் கரியமிலவாயுவாகவும் நீராவியாகவும் மாறிவிடும். அப்படியே விடுவதைவிட எரிப்பது மேல். எரிப்பதைவிட மின்சாரம் எடுப்பது மேல்.

நம் நாட்டில் இதற்கு வழிகாட்டிய இடம் சிலாங்கூர், பூச்சோங் பக்கத்தில் உள்ள ஆயர் ஈத்தாம் குப்பை நிலம். 1995-ல் திறந்து 2006 கடைசியில் மூடிய இடம் அது. 2004-ல் அங்கே 2 மெகாவாட் மின்சாரம் எடுத்து நாட்டு மின்கம்பியில் சேர்த்தார்கள். குப்பை வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்து அப்படிச் சேர்த்தது மலேசியாவில் அதுவே முதல் தடவை.

2 மெகாவாட் என்றால் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேரத்துக்கு 2,000 யூனிட். ஒரு நாளைக்கு 48,000 யூனிட். முப்பது நாளைக்கு 14 லட்சத்து 40 ஆயிரம் யூனிட். ஒரு சாதாரண வீட்டுக்கு மாதம் 250 யூனிட் என்று வைத்தால், எஞ்சின் ஒரு நாளும் நிற்காமல் ஓடினால் 5,000 வீட்டுக்கும் மேல் விளக்கெரியும். எஞ்சின் எல்லா நாளும் முழு வேகத்தில் ஓடாது. ஆகவே கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் பல தோட்டங்களுக்குப் போதும்! புக்கிட் தாகாரிலும் இப்படி வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். 2011 டிசம்பர் 1 முதல், இந்த மாதிரி மின்சாரத்தை உறுதியான விலைக்கு வாங்கும் திட்டத்தை அரசாங்கம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு முதல் போட ஆள் கிடைத்தது.

"அப்படியானால் குப்பை நல்லதுதானே?"

இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. பதில்: இல்லை.

எவ்வளவு நல்ல குழாய் போட்டாலும் எல்லா வாயுவும் பிடிபடாது. குழாய் போடுவதற்கு முன்பே சாப்பாட்டுக் கழிவு மக்கத் தொடங்கிவிடும். அந்த வாயு காற்றோடு போய்விடும். கசிவும் இருக்கும். மின்சாரம் எடுப்பது என்பது கெட்டுப்போன காரியத்தில் கிடைத்ததை மீட்பது. ஓட்டைக் கூரைக்கு அடியில் வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்கலாம், அந்தத் தண்ணீரில் துணியும் துவைக்கலாம். அதற்காகக் கூரையை அடைக்காமல் விட முடியுமா?

கூரையை அடைப்பது என்றால் ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் வீட்டிலேயே பிரிப்பது. ஈரக் குப்பை புதைகுழிக்குப் போகாவிட்டால் மீத்தேன் குறையும், நாற்றம் குறையும், கறுப்புத் தண்ணீர் குறையும். குப்பை நிலமும் சீக்கிரம் நிரம்பாது. அது நிரம்பாவிட்டால் அடுத்த குப்பை நிலத்துக்கு இன்னொரு தோட்டத்தைத் தேட மாட்டார்கள்.

இதற்குச் சட்டமும் வந்தது. 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் (சட்டம் 672) 2011 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகியவை அதை ஏற்றுக்கொண்டன. அந்த இடங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். 2016 ஜூன் முதல் அபராதமும் வந்தது. தரை வீடுகளுக்கு முதல் தடவை 50 வெள்ளி, இரண்டாவது 100, மூன்றாவது 500. சட்டம் வந்துவிட்டது. ஆனால் பழக்கம்தான் இன்னும் முழுசாக வரவில்லை.

அக்கரையில் சிங்கப்பூரில் வேறு வழி. அங்கே நிலம் கிடையாது. எரியக்கூடிய குப்பையை ஆலையில் எரித்து, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கிறார்கள். சாம்பலையும் எரியாத கழிவையும் 1999-ல் தொடங்கிய செமாக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். சாம்பல் மக்காது, ஆகவே மீத்தேன் பயம் அங்கே இல்லை. ஆனால் அந்த ஆலைக்குச் செலவு அதிகம். புகையை வடிகட்டக் கடுமையான ஏற்பாடு வேண்டும். அதைப் பார்த்துவிட்டு "நாமும் எரிப்போம்" என்று லயத்துக்குப் பின்னால் தீ வைப்பது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறோம்.

நம் ஆலையிலும் இதே வாயு

செம்பனை ஆலையில் வேலை செய்கிற தோழர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

ஆலைக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் கழிவுநீர்க் குளங்கள் இருக்கின்றன அல்லவா? அதில் குமிழ் விடுவதும் மீத்தேன்தான். ஒரு டன் பழக்குலைக்கு ஏறத்தாழ 0.6 முதல் 0.7 கன மீட்டர் கழிவுநீர் வருகிறது. ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயு. நாளைக்கு 600 டன் குலை அரைக்கிற ஆலை என்றால் 10,000 கன மீட்டருக்கும் மேல் வாயு சும்மா பறக்கிறது. 2014 ஜனவரி 1 முதல் புதிதாகக் கட்டுகிற ஆலைகளும், அரைக்கும் அளவைக் கூட்ட விண்ணப்பிக்கிற ஆலைகளும் இந்த வாயுவைப் பிடிக்கவோ தவிர்க்கவோ ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மலேசியச் செம்பனை வாரியம் விதித்தது. குளத்துக்கு மேல் பெரிய கறுப்பு விரிப்பு உப்பிக்கொண்டு நிற்பதைச் சில ஆலைகளில் பார்த்திருப்பீர்கள். அதுதான் அந்த ஏற்பாடு.

இப்போது உயிர்ச் சமாசாரம். தொட்டி, மூடிய கால்வாய், ஆழமான குழி இவற்றில் தேங்குகிற வாயுவில் மிகக் கொடியது மீத்தேன் அல்ல, அழுகிய முட்டை வாசனை வாயுதான். அது காற்றைவிடக் கனம். அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அளவு கூடினால், பத்து லட்சம் பங்கில் 100 பங்கு என்ற அளவை எட்டினாலே, மூக்கு மரத்துப்போகும். நாற்றம் தெரியாது. "வாசனை போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் சாகிற நேரம். இன்னும் கூடினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான்.

இப்படிப்பட்ட விபத்துகளில் ஒருவர் மட்டும் சாவது குறைவு. உள்ளே விழுந்தவரைப் பார்த்ததும் பக்கத்தில் நிற்கிறவர் "ஐயோ" என்று இறங்குகிறார். அவரும் விழுகிறார். அவரைக் காப்பாற்ற மூன்றாமவர். அண்ணன் விழுந்தான் என்று தம்பி இறங்குவது பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தால் ஒரே வீட்டில் இரண்டு பிணம் விழும். ஆகவே:

1. அனுமதிச் சீட்டு இல்லாமல், வாயுவைச் சோதிக்கத் தகுதி பெற்றவர் கருவியால் சோதிக்காமல், தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்க வேண்டாம். "சீக்கிரம் இறங்கு, அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று யார் சொன்னாலும் சரி. அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கு 2010-ல் வெளிவந்த அரசாங்க விதிமுறை நாட்டில் இருக்கிறது. அதைக் கேட்பது உங்கள் உரிமை.

2. வெளியே ஓர் ஆள் எப்போதும் நிற்க வேண்டும். இறங்குகிறவர் உடம்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும். விழுந்தால் வெளியிலிருந்தே இழுக்க வேண்டும்.

3. ஒருவர் விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள். கத்துங்கள், காற்றை உள்ளே அடிக்க ஏற்பாடு செய்யுங்கள், 999-க்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையை வரவழையுங்கள். மூச்சுக் கருவி போட்டவர் மட்டுமே இறங்க வேண்டும்.

4. துணியை நனைத்து மூக்கில் கட்டுவதும், சாதாரண முகமூடியும் இந்த வாயுவைத் தடுக்காது.

நம்மோடு வேலை செய்கிற வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இதைத் தெரிந்த மலாயில் எடுத்துச் சொல்லுங்கள். புதிதாக வந்தவரைத்தான் முதலில் குழிக்குள் இறக்குவார்கள்.

லயத்தில் நாம் செய்ய வேண்டியது

பல தோட்டங்களில் நகராண்மைக் கழக லாரி லயம் வரைக்கும் வருவதில்லை. குப்பையை நிர்வாகமே அள்ளவேண்டும். அள்ளும் நாள் தவறினால் என்ன செய்கிறோம்? லயத்துக்குப் பின்னால் கொட்டித் தீ வைக்கிறோம்.

தீ வைக்காதீர்கள். நெகிழிப் பை, பழைய வயர், டயர், மருந்து டப்பா எரிகிற புகையில் டையாக்சின் போன்ற நச்சு இருக்கிறது. அந்தப் புகை கோழி முட்டையிலும் கீரையிலும் படிந்து நம் வயிற்றுக்கே வரும். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அது உடனே கெடுதல். திறந்த வெளியில் குப்பை எரிப்பது சுற்றுச்சூழல் சட்டப்படி குற்றமும்கூட.

ஈரக் குப்பைக்கு எளிய வழி உண்டு. முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத குழியோ, அடி இல்லாத பழைய டிரம்மோ போதும். காய்கறித் தோல் ஒரு பங்கு என்றால் உலர்ந்த இலை, புல் இரண்டு பங்கு போடுங்கள். வாரம் ஒரு தடவை கம்பால் புரட்டிவிடுங்கள். காற்றுப் பட்டால் மீத்தேன் உண்டாகாது, நாற்றமும் வராது. இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பு மண்ணாகிவிடும். வெண்டை, கத்தரி, மிளகாய்க்கு அதைவிட நல்ல எரு எது? மீன், இறைச்சி, எண்ணெய் கலந்த சோறு மட்டும் அதில் போடாதீர்கள், எலி வரும். எலி வந்தால் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பால் டின், தகரம், டயர், சிரட்டை ஆகியவற்றில் மழைத் தண்ணீர் ஒரு வாரம் தேங்கினால் ஏடிஸ் கொசு பிறந்துவிடும். கவிழ்த்து வையுங்கள், அல்லது சேர்த்து வைத்துப் பழைய இரும்புக்காரருக்கு விற்றுவிடுங்கள். கை நிறையக் காசு வராவிட்டாலும் டிங்கி வராது.

பேட்டரியையும், கொசு மருந்து டப்பாவையும் குப்பைப் பையில் போடாதீர்கள். குப்பை லாரியிலும் குப்பை நிலத்திலும் தீப்பிடிக்க இவையும் ஒரு காரணம். நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர்கள் ஊசியைக் கெட்டியான புட்டியில் போட்டு மூடி மருத்துவமனையில் கொடுங்கள். உங்கள் பையை அள்ளுகிற கையும் தொழிலாளி கைதான்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில்

"லயத்துக்குப் பின்னாலே குப்பைக் குழி வெட்டி வெச்சிருக்கோம். அது வெடிக்குமா ஐயா?"

பயப்படாதீர்கள் அம்மா. சின்னக் குழி, மேலே திறந்து கிடக்கிறது என்றால் வாயு தேங்காது. ஆனால் பல வருஷம் குப்பை போட்டு மூடிய இடத்தின் மேல் சமையல்கட்டோ, சாமான் அறையோ கட்டாதீர்கள்.

"சாண வாயு மாதிரி நாங்களே டிரம்மில அடைச்சு அடுப்பெரிக்கலாமா?"

வேண்டாம் தம்பி. முறையாகக் கட்டிய தொட்டியும், அழுத்தத்தை வெளியேற்றும் வழியும், தெரிந்த ஆளும் வேண்டும். சும்மா மூடிவைத்த டிரம் வெடிகுண்டுக்குச் சமம்.

"என் மகன் குப்பை நிலத்துக்குப் பக்கத்துல உள்ள மலிவு வீட்டுல குடியிருக்கான். என்ன கவனிக்கணும்?"

தரையில் வெடிப்பு, கழிவுக் குழாய் ஓட்டை இருந்தால் அடைக்கச் சொல்லுங்கள். அழுகிய முட்டை வாசனை வந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வரட்டும். நெருப்புக் கிழிக்கவோ விளக்கு விசையைத் தொடவோ கூடாது. உடனே தீயணைப்புப் படைக்குச் சொல்ல வேண்டும். புகை வந்தால் பிள்ளைகளை வெளியே விடக்கூடாது.

கிளைத் தோழர்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்

தொழிலாளர் குடியிருப்பு வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446) லயத்தின் துப்புரவுக்கு முதலாளியைப் பொறுப்பாளியாக்குகிறது. ஆகவே அடுத்த கிளைக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள்:

- லயத்தில் குப்பை அள்ளும் நாள் எது, நேரம் எது என்று எழுதி ஒட்ட வேண்டும். தவறக்கூடாது.
- ஈரக் குப்பைக்கு ஒரு தொட்டி, உலர்ந்த குப்பைக்கு ஒரு தொட்டி, மூடியோடு வேண்டும்.
- ஆலைத் தொட்டி, குளம் ஆகியவற்றில் வேலை செய்கிறவர்களுக்கு வாயுச் சோதனைக் கருவியும் பயிற்சியும் வேண்டும்.
- ஆலைக் குளத்து வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கிற ஏற்பாடு உண்டா, அது லயத்துக்கும் கிடைக்குமா என்று எழுத்தில் பதில் வேண்டும்.
- தோட்டத்துக்குப் பக்கத்தில் புதிய குப்பை நிலம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே நமக்குச் சொல்ல வேண்டும். வாயுவையும் கறுப்புத் தண்ணீரையும் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது.

தோழர்களே! ஒரே வாயுதான். கவனிக்காமல் விட்டால் வீட்டை வெடிக்கவைக்கிறது. கவனித்துப் பிடித்தால் வீட்டுக்கு விளக்கேற்றுகிறது. பட்டணத்துக் குப்பையை எப்படிக் கையாளுவது என்று தீர்மானிப்பது நம் கையில் முழுசாக இல்லை. ஆனால் நம் அடுப்படியில் இரண்டு தொட்டி வைப்பது நம் கையில்தான் இருக்கிறது. சோதிக்காத குழியில் இறங்க மாட்டேன் என்று சொல்வதும் நம் கையில்தான் இருக்கிறது. இன்று மாலையே இரண்டாவது தொட்டியை வைத்துவிடுங்கள். நாளைக் காலைப் பெரட்டில் பக்கத்தில் நிற்கிற தோழரிடம் அந்த நான்கு விதிகளையும் சொல்லுங்கள்.